யாருக்காகக் கை தட்டினோம்?

 

2019ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆவிற்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தபோது மூத்த வகுப்பு மாணவர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஹஜ்ரத், ஹைதராபாத்துல அந்த நாலு பேரையும் போலீஸ் சுட்டுட்டாங்களாம்!" அறையிலிருந்த மாணவர்கள் கை தட்டினார்கள். நான் தடுக்கவில்லை. எனக்கும் பெண் மக்கள் உண்டு. என் உள்ளமும் அன்று அவர்களுடன் சேர்ந்து கை தட்டியது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

நடந்த கொடுமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 27ஆம் நாள் இரவு, ஹைதராபாத்தை அடுத்த ஷம்ஷாபாத்தில் கால்நடை மருத்துவரான ஓர் இளம் பெண் சீரழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் எரிக்கப்பட்டது. நாடே கொதித்தது. கைதான நால்வரையும் ஒன்பதாம் நாள் விடியற்காலையில் சம்பவ இடத்திற்கு அழைத்துச் சென்ற காவலர்கள், அவர்கள் துப்பாக்கியைப் பறித்துத் தாக்கியதால் சுட நேர்ந்தது என்றனர். மக்கள் காவலர்கள் மீது மலர் தூவினார்கள். பெண்கள் அவர்களுடைய கைகளில் ராக்கி கட்டினார்கள். இனிப்பும் வழங்கப்பட்டது.

அந்த மலர்க்குவியலின் அடியில் ஓர் உண்மை புதைந்து போயிற்று. மகளைக் காணவில்லை என்று குடும்பத்தார் அன்றிரவு காவல் நிலையத்திற்குச் சென்றபோது, இது எங்கள் எல்லைக்கு உட்பட்டதன்று என்று தங்களை அலைக்கழித்ததாக அவர்கள் முறையிட்டார்கள். வழக்குப் பதியத் தாமதித்ததற்காகக் காவல் துறையினர் மூவர் பணியிடை நீக்கமும் செய்யப்பட்டனர். உயிரோடு இருக்கும்போதே ஒரு பெண்ணைத் தேடிச் செல்வதல்லவா காவலின் முதற் கடமை? அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய நாம், துப்பாக்கிச் சத்தத்தில் அதனை மறந்துவிட்டோம்.

உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையில் மூவர் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கை 2022ஆம் ஆண்டு வெளியாயிற்று. துப்பாக்கியைப் பறித்தார்கள் என்ற கூற்று நம்பத்தக்கதன்று. கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டது. காவலர் பதின்மர் மீது கொலைக் குற்ற விசாரணை நடத்த வேண்டும். கொல்லப்பட்ட நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றெல்லாம் ஆணையம் கூறியது. அவர்கள்தாம் குற்றவாளிகளா என்பதை எந்த நீதிமன்றமும் ஆராயவில்லை. இனி ஆராயவும் இயலாது. அந்த மருத்துவருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு ஒரு தீர்ப்பு எழுதப்படாமலேயே போயிற்று. நாம் நீதி என்று எண்ணிக் கொண்டாடியது, நீதி கிடைப்பதற்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டது.

சகோதரர்களே! ஆறு மாதங்கள் கழிந்தன. 2020 ஜூன் 19ஆம் நாள், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்தி வந்த ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கூறிக் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட அவர்களுள் மகன் 22ஆம் நாள் இரவும், தந்தை மறுநாள் அதிகாலையிலும் உயிரிழந்தனர்.

மதரஸாவிற்கு விடுமுறை விட்டிருந்த காலம் அது. டிசம்பரில் ஓடி வந்த அதே மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், கடை வெச்சிருந்தவங்களைப் போயி இப்படிப் பண்ணிட்டாங்களே! எங்க அத்தாவும் கடைதானே வெச்சிருக்காங்க" என்றபோது அவருடைய குரல் தழுதழுத்தது. அன்று கை தட்டியதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் சற்று நேரம் மௌனமாக இருந்தோம்.

சட்டத்திற்கு மேலான ஒரு கையை நாம் வாழ்த்தினால், அந்தக் கை யார் மீது இறங்க வேண்டும் என்று ஆணையிடும் உரிமை நமக்கு இல்லை. கொடியவன் மீது மட்டும் இறங்கும் என்பது திரைப்படத்தில் நடக்கலாம். அங்கே யார் கொடியவன் என்பது முதற் காட்சியிலேயே நமக்குக் காட்டப்பட்டு விடுகிறது. வாழ்க்கையில் அதனைக் கண்டறியத்தான் சாட்சியும் விசாரணையும் நீதிமன்றமும் இருக்கின்றன. சாத்தான்குளம் நிகழ்ச்சிக்குப் பின், காவல் துறையைப் போற்றி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி அறிக்கை விட்டார். படம் எடுத்தவர் வருந்தினார். பார்த்துச் சீட்டியடித்த நாம் வருந்தினோமா?

"வழக்கு என்றால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தாமதத்தால் நொந்த குடும்பங்களை நானும் அறிவேன். ஆனால் மருத்துவர் வரத் தாமதிக்கிறார் என்பதற்காகக் கசாப்புக் கடைக்காரரிடம் அறுவைச் சிகிச்சை செய்து கொள்வோமா? விரைவான நீதிமன்றங்களைக் கேட்போம். அதற்காகக் குரல் கொடுப்போம்.

காவல் துறையில் வீரர்கள் இல்லையா? உண்டு. 2008 நவம்பர் 26ஆம் நாள் இரவு, மும்பை கிர்காம் சௌபாத்தியில் உதவி துணை ஆய்வாளர் துக்காராம் ஓம்பலே, கையில் தடியுடன் மட்டும் நின்று, கசாபின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக் கொண்டார். குண்டுகள் தம் உடலைத் துளைத்த போதும் பிடியை விடவில்லை. அவர் உயிர் நீத்தார். கசாப் உயிருடன் பிடிபட்டான். உச்ச நீதிமன்றம் வரை விசாரணை நடந்து, 2012ஆம் ஆண்டு தண்டனை நிறைவேறியது. சதியின் விவரங்கள் உலகிற்குத் தெரிந்ததும் அந்தப் பிடியால்தான். அசோகச் சக்கர விருது அவருக்குப் பொருத்தமே.

இன்னொருவரும் உண்டு. சாத்தான்குளம் நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர், அன்றிரவு தந்தையும் மகனும் அடிக்கப்பட்டதை விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் எடுத்துரைத்தார். உடன் பணியாற்றுவோர் சூழ்ந்திருந்த இடத்தில், அச்சத்துக்கிடையே, உண்மையைச் சொல்லிக் கையொப்பமிட்டார். அதற்கு எவரும் மலர் தூவவில்லை.

வீட்டுப் பெரியவர்கள் ஒன்றை அறிந்து வைத்திருங்கள். டி.கே. பாசு வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, கைது செய்யும்போது சாட்சியின் கையொப்பத்துடன் குறிப்பாணை எழுதப்பட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். காவலில் உள்ளவரை 48 மணி நேரத்திற்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. இவை குற்றவாளிக்குச் செய்யும் சலுகைகள் அல்ல. நாளை நம் பிள்ளைக்கும் இவைதாம் அரண்.

அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, நம் பிள்ளைகள் முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான். அன்று என் மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதில் அவர்கள் கண்டது ஓர் ஆசிரியரின் முகமன்று. நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

வஸ்ஸலாம்.