25 கிலோ சர்வோ... ஆனாலும் வண்டி நின்றது!

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் ரிமோட்டுடன் நின்றுகொண்டிருந்தான். முகம் வாடிக் கிடந்தது.

எதிரே நின்றது துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த ஆர்.சி. டிரக். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. நேராக ஓட்டினால் சிட்டாகப் பறக்கிறது. ஓட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் அப்படியே நின்றுவிடுகிறது. ரிசீவரின் விளக்கு அணைந்து, ஒரு நொடி கழித்து மறுபடி எரிகிறது. மறுபடி திருப்பினால், மறுபடி அதே கதை.

இத்தனைக்கும் அன்றைக்குத்தான் புது சர்வோ மாட்டியிருந்தான். முன்சக்கரங்களைத் திருப்புகிற சின்னப் பெட்டிக்குப் பெயர்தான் சர்வோ. பழையது போன வாரம் சுவரில் மோதியதில் உள்ளே பல் உடைந்து போனது. தீபாவளிக்கு உறவுக்காரர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்திருந்தவன், அதில்தான் புதியதை ஆன்லைனில் வாங்கினான்.

'இந்த வண்டிக்கு இதுதான் கடைசிச் செலவு. இதுக்கப்புறமும் ஓடலைன்னா பரண்ல ஏத்திருவேன்' என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான், இருப்பதிலேயே பலமானதாகத் தேடினான். பழையது 9 கிலோ. புதியது 25 கிலோ!

துணி எடுக்க மாடிக்கு வந்தார் அப்பச்சி. அம்மாவின் அப்பா. அந்தக் காலத்தில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டியவர். ரிமோட் வண்டி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மோட்டாரைத் தெரியும்.

"என்ன கண்ணு, மூஞ்சி இப்படி இருக்குது?"

"புதுசு மாட்டியும் ஓட மாட்டேங்குதுங்க அப்பச்சி. மெயின் போர்டே போயிருச்சுன்னு நினைக்கிறேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

அப்பச்சி துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு, வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சர்வோ ஏறக்குறைய தீப்பெட்டி அளவுதான். உள்ளே ஒரு குட்டி மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் பல்சக்கரங்கள், ஒரு சின்ன சர்க்யூட். கூடவே, பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருக்குமே, அதே மாதிரி ஒரு பாகம். 'இப்போது எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பி இருக்கிறோம்' என்று சர்க்யூட்டுக்குச் சொல்வது அதன் வேலை.

வெளியே வருவது மூன்று ஒயர்கள். சிவப்பு பிளஸ். கறுப்பு அல்லது பழுப்பு மைனஸ். மூன்றாவது ஒயரில் ரிசீவரிலிருந்து உத்தரவு வருகிறது. சாதாரணமாக நொடிக்கு 50 முறை வரும் மின்துடிப்பு அது. துடிப்பு 1.5 மில்லி விநாடி நீடித்தால் 'நடுவில் நில்' என்று அர்த்தம். 1 மில்லி விநாடியை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கம், 2-ஐ நோக்கிக் கூடினால் மறுபக்கம். சொன்ன இடத்துக்கு வந்து சேரும்வரை சர்வோ மோட்டாரை ஓட்டும்.

சிக்கல் அங்கேதான். தரையில் டயர் இறுகிப் பிடித்துக்கொண்டு சக்கரம் திரும்ப முடியாவிட்டாலும், சர்வோ விடாது. முட்டிக்கொண்டே இருக்கும். மோட்டார் சுற்றாமல் நின்று முட்டும்போதுதான் மிக அதிகமான கரண்டை இழுக்கும்.

"காயில் எரியுறதே அப்படித்தான் கண்ணு" என்றார் அப்பச்சி. "சுத்துற மோட்டார் அவ்வளவா கரண்ட் குடிக்காது. சிக்கிக்கிட்டு நிக்கிற மோட்டார்தான் குடிக்கும்."

விளக்கு ஏன் அணைந்தது?

அப்பச்சி முதலில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது எவ்வளவு திருப்பினாலும் விளக்கு அணையவில்லை. தரையில் வைத்ததும் அணைந்தது.

"தோட்டத்துல மோட்டார் போட்டா வீட்டுல லைட்டு மங்கும், பார்த்திருக்கியா? அதேதான் இது."

விஷயம் இதுதான். பேட்டரியின் மின்சாரம் நேராக சர்வோவுக்குப் போவதில்லை. வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. என்ற பெட்டிக்குள் பி.இ.சி. என்று ஒரு பகுதி உண்டு. அதுதான் பேட்டரி வோல்டேஜைக் குறைத்து, ரிசீவருக்கும் சர்வோவுக்கும் பங்கு வைக்கிறது. இந்த வண்டியில் அதன் அளவு 6 வோல்ட், 3 ஆம்பியர். புது சர்வோவின் விவரத்தாளில் 'ஸ்டால் கரண்ட்' என்ற வரியைப் பையன் அப்போதுதான் படித்தான். 3 ஆம்பியருக்கும் மேல்! சர்வோ அவ்வளவையும் இழுத்ததும் வோல்டேஜ் சரிந்து, ரிசீவர் அணைந்து மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. எதுவும் எரியவில்லை.

உறுதி செய்துகொள்ள இன்னொரு சோதனை. வீட்டிலிருந்த நான்கு ரீசார்ஜ் பேட்டரிகளைச் சேர்த்தால் 4.8 வோல்ட். சர்வோவின் சிவப்பு ஒயரை மட்டும் ரிசீவரிலிருந்து பிரித்து, அந்தப் பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுத்தார்கள். மைனஸ் எல்லாவற்றையும் ஒன்றாகவே சேர்த்தார்கள். அது சேராவிட்டால் உத்தரவு சர்வோவுக்குப் புரியாது. இப்போது தரையில் திருப்பினாலும் வண்டி நிற்கவில்லை.

அந்தக் கிலோ எந்தக் கிலோ?

25 கிலோ என்பது தராசுக் கிலோ அல்ல, கிலோ-சென்டிமீட்டர். சர்வோ அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 25 கிலோ எடையைத் தாங்கும் முறுக்கு விசை. 2 செ.மீ. தூரத்தில் அது 12.5 கிலோதான். அதுவும் வோல்டேஜைப் பொறுத்து மாறும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எம்.ஜி. 996ஆர் சர்வோவின் விவரத்தாளையே பார்க்கலாம். 4.8 வோல்ட்டில் 9.4, 6 வோல்ட்டில் 11 என்று இரண்டு கணக்கு இருக்கும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பெரிய கணக்குதான்!

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பத்தில் ஒரு பங்கு டிரக்குக்கு 9 முதல் 12 கிலோ தாராளம். பெரிய டயருடன் பாறைகளில் ஊர்ந்து ஏறும் 'கிராலர்' வண்டிகளுக்குத்தான் 20-க்கு மேல் நிஜமாகத் தேவைப்படும்.

அம்மா கேட்ட கேள்வி

"இப்போ நீயே போய் அம்மாகிட்ட நடந்ததைச் சொல்லு" என்றார் அப்பச்சி.

பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். நம்பரைப் பார்த்து ஏமாந்தது, மாட்டிவிட்டதால் இனித் திருப்பி அனுப்ப முடியாது என்பது, தனியாக ஒரு பி.இ.சி. வாங்கினால் சரியாகிவிடும் என்பது, எல்லாவற்றையும்.

அம்மா திட்டவில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. பழசு எதனால உடைஞ்சுது?"

"சுவத்துல மோதிருச்சும்மா."

"அதுக்கு முன்னாடி நூறு தடவை மோதியிருக்கு. அப்பல்லாம் உடையலையே?"

காயில் கட்டுகிறவரின் மகள் அல்லவா! மூன்று பேரும் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சர்வோவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே 'சர்வோ சேவர்' என்று ஸ்பிரிங் வைத்த ஒரு பாகம் உண்டு. சக்கரத்தில் அடி விழும்போது அந்த ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து, அதிர்ச்சி பல்சக்கரத்துக்குப் போகாமல் காப்பாற்றும். போன மழையில் சேற்றில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் வைத்ததில், அது துருவும் மண்ணுமாக இறுகிப்போயிருந்தது. அசையவே இல்லை.

"அந்தக் காலத்துல ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு தடிச்ச கம்பியாக் கட்டுவாங்க, ஞாபகம் இருக்காப்பா?" என்றார் அம்மா.

"இல்லாம? ஃபியூஸ் போகாது. மோட்டார் போயிரும். நம்மகிட்ட தூக்கிட்டு வருவாங்க" என்று சிரித்தார் அப்பச்சி.

பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. புது சர்வோவின் பல்சக்கரம் உலோகம். சேவர் இறுகிக் கிடக்க, அடுத்த மோதலில் அது உடையாமல் தப்பித்திருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்திருக்கும் பிளாஸ்டிக் பாகம், சக்கரத்தைப் பிடிக்கும் கை, ஏதோ ஒன்று போயிருக்கும். பலமான சர்வோ உடைப்பைத் தடுக்காது. வேறு இடத்துக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* பழையது போன காரணம்: பல் உடைந்ததா, மோட்டார் எரிந்ததா, தண்ணீர் புகுந்ததா? பல் உடைந்திருந்தால் முதலில் சேவரைப் பாருங்கள். தண்ணீர் என்றால் ஐ.பி.67 என்று குறிப்பிட்டதை வாங்கலாம்.

* அச்சின் பல் எண்ணிக்கை: ஃபுடாபா வகை 25, ஹைடெக் பெரும்பாலும் 24, ஜே.ஆர்., சான்வா 23. பழைய கை பொருந்தாவிட்டால் அழுத்தித் திணிக்கக் கூடாது. பல் மழுங்கிவிடும்.

* அளவு: வழக்கமான அளவு சர்வோ சுமார் 40 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம். பழையதை அளந்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

* வோல்டேஜும் ஸ்டால் கரண்டும்: பி.இ.சி. கொடுப்பதைவிட சர்வோ கேட்பது அதிகமாக இருக்கக் கூடாது. அதிகமானால் தனி பி.இ.சி. தேவை. இரண்டு செல் லிப்போ பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட் தரும். அதை நேராக இணைக்கலாம் என்று விவரத்தாள் சொன்னால் தவிர இணைக்காதீர்கள்.

* சுழலும் அளவு: நிற்காமல் சுற்றும் 360 டிகிரி வகை ரோபோ சக்கரத்துக்கானது. ஸ்டீயரிங்குக்கு ஆகாது.

* மாட்டும் முறை: முதலில் மின்சாரம் கொடுத்து, ரிமோட்டில் டிரிம்மை நடுவில் வைத்து, சர்வோ நடுவுக்கு வந்த பிறகே கையை மாட்ட வேண்டும். முழுசாகத் திருப்பும்போது சர்வோ முனகினால், ரிமோட்டில் திரும்பும் எல்லையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அந்த முனகல், மோட்டார் முட்டிக்கொண்டு சூடாகும் சத்தம்.

அடுத்த ஞாயிறு. சேவரைக் கழற்றித் துரு தேய்த்து, மண்ணைத் துடைத்து, இறுக்கத்தைச் சரிசெய்தாகிவிட்டது. சர்வோவுக்கு மட்டும் தனி பி.இ.சி. அதற்கான பணத்தை அம்மாதான் கொடுத்தார்.

வண்டி கிளம்பியது. முழு வேகத்தில் ஒரு திருப்பம். விளக்கு அணையவில்லை. உற்சாகத்தில் பையன் கவனிக்காமல் விட, டிரக் நேராகப் போய்க் கைப்பிடிச் சுவரில் 'டமால்' என்று மோதியது.

மூன்று பேரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மோதிய சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஸ்பிரிங் இழுக்க, மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. ரிமோட்டைத் திருப்பினான். இடது, வலது, நடு. எல்லாம் சரியாக இருந்தது.

"சரி, பரண் இப்போதைக்கு வேண்டாம்" என்றார் அம்மா. "ஆனா மழையில ஓட்டுனா, வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கழுவித் துடைச்சிரணும்."