தறிக்கூரைக்கு மரமா, இரும்பா?

எடப்பாடியில் புதிதாக எழும் விசைத்தறிக் கூடம் என்றாலே இரும்புத் தூண், பைப் டிரஸ், மேலே தகடு என்றாகிவிட்டது. தறிகளை வரிசையாகப் போட 30, 40 அடி அகலம் வேண்டும். நடுவில் தூண் நின்றால் இடைஞ்சல். பனைவாரைக்கு அந்த நீளம் எட்டாது. பெரிய கூடத்துக்கு இரும்புதான் சரி.

வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளைப் பற்றித்தான் என் கவலை. நான்கைந்து தறி, 15 அடி அகலம், சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்கும் அறை. அங்கும் ஓட்டையும் வாரையையும் இறக்கிவிட்டுத் தகடு போடுகிறார்கள். கரையான், ஓடு மாற்றும் கூலி, தச்சர் கிடைக்காதது என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் உண்மையே. மரத்தை அரசும் ஒதுக்கியது. மத்தியப் பொதுப்பணித் துறை 1993இல் தன் கட்டடங்களில் மரத்துக்கு விதித்த தடையை 2020இல்தான் நீக்கியது. கூடலூர்க் காடுகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க வனமரம் வெட்டுவதை இறுக்கியது. காட்டுக்கு அது நல்லதுதான்.

ஆனால் சித்திரை வெயிலில் தகட்டுக்கடியில் நின்று பாருங்கள். இரும்பு மரத்தைவிடப் பல நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மெல்லிய தகடோ வாங்கிய வெயிலை அப்படியே கீழே இறக்கும். பருத்தி நூலுக்கு ஈரப்பதம் வேண்டும். வறண்ட சூட்டில் பாவு இழை அறுபடும், தறி நிற்கும், முடிச்சுப் போட்டே பொழுது போகும். கூரைச் செலவை எழுதும்போது இந்த நட்டத்தை யாரும் எழுதுவதில்லை.

தீயைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. 2004இல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டதை மறக்க முடியுமா? பஞ்சுத்தூசு படியும் இடத்தில் கீற்று கூடவே கூடாது. அதற்காக, எரியாத இரும்பு தீயில் தாங்கும் என்று நம்பவும் கூடாது. 600 டிகிரியை நெருங்கும்போது அது பாதி வலுவை இழந்து வளையும். தடித்த மர விட்டம் மேலே கரியாகி, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே உள்ளே தேயும். மெல்லிய ரீப்பருக்கு இது பொருந்தாது.

பழைய கூரையைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு வாரையையும் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனையில் பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் முனைதான் உளுத்திருக்கும். அதை அறுத்துவிட்டுக் குறுகிய இடத்துக்குப் பயன்படுத்தலாம். பனையை வெட்ட 2021 முதல் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதால் பழைய வாரைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. இரும்புதான் என்றாலும் டிரஸ்ஸைச் சற்றுக் கனமாகச் செய்து, மேலே சீமை ஓடு வேயலாம். வெல்டரிடம் தகட்டுக்கும் ஓட்டுக்கும் தனித்தனியே விலை கேளுங்கள்.