விசுவாசம் அறிவாகுமா? எங்கள் நிலைப்பாடு

“கடவுள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்” என்கிறார் ஒரு கிறிஸ்தவர். அதை அறிவு என்று ஏற்பதா, வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவதா? போதகர்களும் இறையியல் ஆசிரியர்களும் இணைந்த எங்கள் அமைப்பு கலந்து பேசி எடுத்த முடிவு இது:

விசுவாசம் அறிவாக இருக்க முடியும். அதற்கு முன்நிபந்தனையாகத் தர்க்க நிரூபணம் தேவையில்லை. ஆனால், மறுப்புகளுக்குப் பதில் சொல்லும் கடமை அதற்கு உண்டு.

காரணங்கள்:

1. போதிய சான்றின்றி எதையும் நம்புவது தவறு என்று 1877-இல் தத்துவ அறிஞர் டபிள்யூ. கே. கிளிஃபர்ட் வாதிட்டார். பொறுப்பற்ற நம்பிக்கை பிறருக்குத் தீங்கு செய்யும் என்ற அவருடைய எச்சரிக்கை நியாயமானது. ஆனால் காலையில் உண்டது நினைவிருக்கிறது; எதிரே நிற்பவருக்கு மனம் உண்டென்று அறிகிறோம். இவற்றை வாதிட்டு நிறுவிய பிறகு யாரும் நம்புவதில்லை.

2. இறையுணர்வு மனிதருக்குள் பதிந்திருக்கிறது என்றார் சீர்திருத்த இறையியலாளர் கால்வின். அதை விரித்துத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா 2000-இல் விளக்கினார்: உண்மையை நாடும்படி அமைந்த அறிவுத்திறன், ஏற்ற சூழலில் பழுதின்றி இயங்கி உறுதியான நம்பிக்கையைத் தந்தால், அது அறிவு. கிறிஸ்தவம் உண்மையானால், விசுவாசமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட அறிவே. அந்த “உண்மையானால்” என்பதைத் தத்துவம் மட்டும் தீர்த்துவைக்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். நாங்களும் அதை மறைக்கவில்லை.

3. கடவுள் இருப்பதைப் பகுத்தறிவால் எட்டலாம், திரித்துவத்தை வெளிப்பாட்டால்தான் அறியலாம் என்று பிரித்துக் காட்டினார் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். முதல் வத்திக்கான் சங்கம் 1870-இல் பகுத்தறிவின் அந்த ஆற்றலை உறுதிசெய்தது. ஆனால் இறையியலாளர் கார்ல் பார்த், வெளிப்பாடின்றிப் பகுத்தறிவால் கடவுளை அறிய முயலும் இயற்கை இறையியலை 1934-இல் அடியோடு மறுத்தார். எங்கள் பார்வையில் வாதங்கள் விசுவாசத்தைப் பிறப்பிப்பதில்லை. அதன் வழியிலுள்ள தடைகளை அகற்றுகின்றன. அதனால் அவை வேண்டும்.

“உள்ளத்தில் உணர்ந்தேன், அது போதும்” என்பதை நாங்கள் ஏற்கவில்லை. பிற சமயத்தாரும் ஆழமாக உணர்கிறார்கள். சமய அனுபவத்தை ஆதரித்து எழுதிய தத்துவ அறிஞர் வில்லியம் ஆல்ஸ்டனே இதைக் கடினமான சிக்கல் என்று கருதினார். ஆகவே தனிமனித அனுபவம் வேதாகமம், சபையின் மரபு, பகுத்தறிவு, வாழ்வில் விளையும் கனி ஆகியவற்றால் சோதிக்கப்பட வேண்டும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படி தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதும் விசுவாசிகளுக்குத்தான்.

இறையியல் கல்லூரிகள் மறுப்பாளர்களின் நூல்களையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். குற்றமற்றோரின் துன்பத்தைப் பற்றி ஓர் இளைஞர் கேட்டால், அவரை அவிசுவாசி என்று அடக்காமல் உட்காரவைத்துப் பேசுங்கள். கேள்வி கேட்பவருக்குச் சபையில் இடம் கொடுங்கள்.