சாணம் மெழுகிய துரைசானி

ஆப்பிரிக்காவுக்குப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் என்றதும் நம் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? கறுப்பு அங்கி, கையில் கனத்த வேதப் புத்தகம், பின்னால் புதர் மறைவில் ஒரு சிங்கம். அந்தப் பாதிரியாருக்கு ஒரு மனைவி இருந்தாள், விடிந்ததும் அடுப்பு மூட்டினாள், வந்தவர் போனவருக்கெல்லாம் சோறு போட்டாள் என்பதைப் பெரிய புத்தகங்கள் அரை வரியில் சொல்லித் தீர்த்து விடும். இந்த வாரம் அந்த அரை வரியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் வட பகுதியில், கலகாரிப் பாலைவனத்தின் ஓரத்தில் குருமான் என்று ஓர் ஊர். மழை அபூர்வம். ஆனால் பூமிக்குள்ளிருந்து நாளொன்றுக்கு சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர் பொங்கி வருகிற ஊற்று ஒன்று அங்கே உண்டு. அந்தத் தண்ணீரை நம்பி, த்ஸ்வானா மக்களின் நடுவே ஏறக்குறைய ஐம்பது வருஷம் குடித்தனம் செய்தவர்கள் ராபர்ட் மொபாட்டும் அவர் மனைவி மேரியும்.

இருவரும் 1795-ல் பிறந்தவர்கள். மணப்பெண் ஏழு மாதம் மூத்தவள்! நம் வீட்டுப் பாட்டிமாராயிருந்தால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். ராபர்ட் ஸ்காட்லாந்துக்காரர், தோட்ட வேலை கற்றவர். மேரியின் தகப்பனாருடைய நாற்றுப் பண்ணையில் வேலைக்கு வந்த இடத்தில்தான் பரிச்சயம். அவர் முதலில் தனியாகவே ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் மேரி தனியே கப்பலேறிப் போய், 1819 டிசம்பரில் கேப் டவுனில் கல்யாணம் நடந்தது.

மேரி வருவதற்கு முன் ராபர்ட் செய்த பிரம்மசாரிக் குடித்தனத்தைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. இஸ்திரிப் பெட்டி இல்லாமலே சட்டையை மடித்து, தட்டிச் சுருக்கம் எடுக்கும் வித்தையைத் தாயார் சொல்லிக் கொடுத்திருந்தார். மகன் அதை ஒரு கருங்கல்லின் மேல் வைத்து ஓங்கி ஓங்கி அடித்தார். சட்டையை விரித்துப் பார்த்தால், விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள்! நம் ஊர் வண்ணாரைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, மேரி அம்மாள் விஷயத்துக்கு வருவோம். குருமானில் அவர் இருந்த வீட்டுக்கு மண் தரை. சீமையில் வளர்ந்த பெண் அதை என்ன செய்வது? அந்த ஊர்ப் பெண்கள் செய்ததையே செய்தார்: வாரத்துக்கு ஒரு தரமாவது பசுஞ்சாணம் போட்டு மெழுகினார். ஆரம்பத்தில் அருவருப்பாக இருந்ததாம். சாணமில்லாமல் தூசியை அடக்கிப் பார்க்கவும் முயன்றார்; முடியவில்லை. பிற்பாடு, தூசி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி ஒழிகிறது, பார்க்கவும் பசுமையாக அழகாக இருக்கிறது என்று ஊருக்கே கடிதம் எழுதினார். நம் கொல்லையில் தினமும் நடக்கிற காரியந்தான். ஆனாலும் ஒரு துரைசானி மண்டியிட்டுத் தரை மெழுகுவதை நினைத்தால், சிங்கத்தை எதிர்த்து நின்ற கதையை விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

எல்லாம் இப்படிச் சுமுகமாகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். முதலில் குடியிருந்த இடத்தில், ஆற்றிலிருந்து வெகு தூரம் வாய்க்கால் வெட்டித் தோட்டம் போட்டார்கள். மேலே இருந்த ஊர்ப் பெண்கள் தங்கள் பயிருக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டார்கள். இவர்கள் போய் மறுபடி அடைத்து வந்தார்கள். அந்தப் பெண்களுக்கு வந்ததே கோபம்! மண்வெட்டியோடு போய் அணையையே உடைத்து விட்டார்கள். தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வழக்கு தஞ்சாவூருக்கு மட்டும் சொந்தமல்ல போலிருக்கிறது. அந்தப் பெண்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அழையாமல் வந்து ஆற்றையும் பங்கு கேட்டால் யார்தான் பொறுப்பார்கள்? பிறகு ஊற்றுக்குப் பக்கத்திலேயே இடம் மாற்றிக் கொண்டார்கள்.

வருஷங்கள் போயின, ஒருவரும் மதம் மாறவில்லை. 'உனக்கு என்ன அனுப்பட்டும்?' என்று இங்கிலாந்திலிருந்து சிநேகிதி ஒருத்தி கேட்டெழுதினாள். மேரி அம்மாள் துணி கேட்கவில்லை, தேயிலை கேட்கவில்லை. திருவிருந்துப் பாத்திரங்கள் வேண்டும், என்றாவது தேவைப்படும் என்று பதில் போட்டார். பெட்டி கப்பலிலும் மாட்டு வண்டியிலும் ஊர்ந்து 1829-ல் வந்து சேர்ந்தது. முதல் திருவிருந்து நடப்பதற்கு முந்தின தினந்தான் வந்ததாம்!

இனி அவர்களுடைய முதுமை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பத்துக் குழந்தைகள் பிறந்தன, ஏழு பிழைத்தன. படிப்புக்காக அவர்களைப் பிரிய வேண்டியதாயிற்று. கேப் டவுன் சுமார் 900 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் வாரக்கணக்கான பிரயாணம். கடிதங்களே குடும்பம் என்று ஆகி விட்டது. ராபர்ட் எழுத்தே இல்லாதிருந்த செட்ஸ்வானா மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். (நம்முடைய கால்டுவெல்லை 1838-ல் சென்னைக்கு அனுப்பிய அதே லண்டன் சங்கந்தான் இவரையும் அனுப்பியது.) ஏறக்குறைய முப்பது வருஷத்து வேலை. 1857-ல் முடிந்தபோது அவருடைய தலைக்குள் ஓயாத இரைச்சல், தூக்கமில்லை. ஓய்வெடுத்தாரா? அதே வருஷம் மட்டபெலே அரசர் மிசிலிக்காசியைப் பார்க்க, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கிளம்பி விட்டார். 64-ம் வயதில் இன்யாட்டி என்ற ஊரில் புதிய நிலையம் அமைக்கப் போய், மரமறுக்கும் குழியிலும் கொல்லன் உலையிலும் நின்று வேலை செய்தார். அத்தனை மாதமும் மேரி அம்மாள் குருமானில் வீட்டைக் காத்தார். வடக்கே போகிற யாத்திரிகர் எல்லோரும் தங்கிப் போகிற இடம் அது. நம் சத்திரத்து மணியக்காரருக்கும் அவ்வளவு வேலை இருந்திருக்காது.

மூத்த மகள் மேரியைக் கட்டிக் கொண்டவர் யார் தெரியுமா? டேவிட் லிவிங்ஸ்டன்! உலகமே கொண்டாடிய மாப்பிள்ளை. மாமியார் மட்டும் கொண்டாடவில்லை. 1850-ல் மனைவி மக்களைப் பாலைவனத்துக்கு அப்பால் அழைத்துப் போனார். குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. திரும்பி வந்த பிறகு பிறந்த சிசு சில வாரங்களில் இறந்தது. அடுத்த வருஷமே கர்ப்பிணியை மறுபடியும் வண்டியில் ஏற்றினார். மேரி அம்மாள் பேனாவை எடுத்தார். ஒரு குழந்தை போனது போதாதா, நிறைமாதக்காரியை ஆண்களோடு காட்டில் இழுத்துக் கொண்டு அலைவதா என்று வெளுத்து வாங்கினார். மாப்பிள்ளை அந்தக் கடிதத்தைத் தம் குறிப்புப் புத்தகத்தில் பிரதி எடுத்து வைத்தார்; பயணத்தை நிறுத்தவில்லை. பிள்ளை ஆற்றங்கரையில் பிறந்தது.

1862 ஏப்ரலில் அந்த மகள் ஸாம்பெசி நதிக் கரையில் ஷுபாங்காவில் காய்ச்சலால் இறந்தாள். அதே வருஷம் மகன் ராபர்ட்டும் போனான். 1866-ல் மற்றொரு மாப்பிள்ளை வெடிமருந்து விபத்தில் மாண்டார். அந்த மகள் விதவையானாள். 67 வயதிலும் 71 வயதிலும் இத்தனையையும் தாங்கிக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

உடம்பு தளர்ந்தது. சங்கத்தார் திரும்பி வரும்படி எழுதினார்கள். போவது எங்கே? இங்கிலாந்தில் அவர்களை அறிந்தவர்கள் அநேகமாக மண்ணுக்குள். இங்கேயோ நட்ட மரம், வெட்டிய வாய்க்கால், கண்ணெதிரே பிறந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள். கிழவருக்கு மனசில்லை. தள்ளிப் போட்டுக் கொண்டே வந்தார்.

1870 மார்ச் 20-ம் தேதி கடைசிப் பிரசங்கம். வெள்ளிக்கிழமை வண்டி தயாராக நின்றது. வீட்டு வாசலிலிருந்து வண்டிக்குச் சில அடிதான்; ஆனால் நடக்க விடவில்லை ஜனங்கள். ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் கொண்டார்கள். வண்டி நகர்ந்ததும் பின்னாலேயே நடந்து வந்தார்கள். அழுகைச் சத்தம் எழுந்தது.

ஜூலை மாதம் இங்கிலாந்து சேர்ந்தார்கள். கல் வீடு, பலகைத் தரை, வாசலில் தபால்காரன். ஆறு மாதம் கூட ஆகவில்லை. 1871 ஜனவரியில் மேரி அம்மாள் கண்ணை மூடினார். கிழவர் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தனியாக இருந்தார். 1874-ல் மாப்பிள்ளை லிவிங்ஸ்டனின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்கு வந்தபோது, அடக்கத்துக்குப் போய் நின்றவர்களில் அவரும் ஒருவர். மகள் மட்டும் ஸாம்பெசிக் கரையிலேயே இருந்து விட்டாள்.