கேட்டபின் வரும் ஆண்டுகள்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர். மொராவியாவிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஏழைக் குடும்பங்கள், சின்சென்டார்ப் என்ற பிரபுவின் நிலத்தில் எழுப்பிக்கொண்ட ஊர் அது. 1728 மே மாதம் ஒரு மாலை ஆராதனையில், மறுநாள் முழுவதும் மனதில் வைத்திருக்கும்படி சின்சென்டார்ப் சபையாருக்கு ஒரு வாக்கைக் கொடுத்தார். நாளுக்கொரு வாக்கு என்று தொடர்ந்த அந்த ஏற்பாடு 1731இல் புத்தகமாக அச்சேறியது. அதன் பிறகு ஓர் ஆண்டும் நின்றதில்லை. இன்று பல மொழிகளில் வருகிறது.

நம் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை இந்த வழக்கத்துக்கு நெருங்கிய சொந்தம். தட்டு வரிசை வரிசையாக நகர்ந்து வரும். எழுத்தறியாத பாட்டி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒரு அட்டையை எடுத்துப் பேரனிடம் நீட்டுவாள். அவன் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். விடிந்து பார்த்தால் அந்த அட்டை பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருக்கும். ஆண்டு முழுவதும் தலைவாரும்போதெல்லாம் அது கண்ணில் படும். இதை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது. டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அந்த ஒற்றை வரி தாங்கிப் பிடிப்பதை மருத்துவமனைகளில் பார்க்கலாம்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. வீட்டை விற்கலாமா, கனடாவுக்குப் போகலாமா, இந்தப் பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று பூக்கட்டிப் பார்ப்பதுபோல வேதத்தைத் திறந்து விரல் வைக்கும் வழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. அதற்கு மேல் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பெயரையும் ஊரையும் சொல்லித் தீர்க்கதரிசனம் உரைப்பவர்கள். கர்த்தர் பேசினார் என்ற வார்த்தை நம் வீடுகளில் இவ்வளவு தாராளமாகப் புழங்கிய காலம் முன்பு இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு பேச்சைக் கேட்ட சபை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்கவேண்டிய நேரம் இது.

ஹெர்ன்ஹூட்டின் மொராவியருக்கும் இந்தச் சோதனை வந்தது. ஊழியத்துக்கு யாரை அனுப்புவது, யார் யாரை மணப்பது என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் சீட்டுப் போட்டார்கள். சீட்டில் விழுந்தது ஆண்டவர் சொன்னதாக ஏற்கப்பட்டது. சில தலைமுறைகளுக்குள் இளையவர்கள் அதைச் சுமையாக உணர்ந்தார்கள். 1818இல் கூடிய அவர்களுடைய மாமன்றம், சாதாரண விசுவாசிகளின் திருமணத்துக்குச் சீட்டுக் கட்டாயம் என்ற விதியை நீக்கியது. ஒரு பக்தியுள்ள சபை தன் பழைய வழக்கத்தைத் தானே சோதித்துப் பார்த்துக் கைவிட்டதை நான் விசுவாசக் குறைவாகப் பார்க்கவில்லை. ஆதிச் சபையும் அந்த வழியில்தான் நடந்தது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தார்கள். பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் சீட்டைப் பற்றிய பேச்சே இல்லை.

சீட்டுக்குப் பதிலாக வந்தது என்ன? அந்தப் புத்தகத்தின் பத்தாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால் தெரியும். யோப்பாவில் கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோனின் வீடு. நடுப்பகலில் பசியோடு மாடியில் ஜெபித்துக்கொண்டிருந்த பேதுருவுக்கு ஒரு தரிசனம்: வானத்திலிருந்து இறங்கும் துப்பட்டியில் அவன் தொடக் கூடாத உயிர்களெல்லாம். அடித்துச் சாப்பிடு என்று கட்டளை. மாட்டேன் என்கிறான். மூன்று தரம் இப்படி நடந்தும் அவனுக்கு அர்த்தம் பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மூன்று பேர் வந்து நின்று அவன் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார்கள். புறஜாதியானான ரோமப் படைத்தலைவன் ஒருவன் அனுப்பிய ஆட்கள். அவர்களோடு போ என்று ஆவியானவர் சொல்கிறார். தரிசனத்தின் பொருள் மாடியில் விளங்கவில்லை. செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டு வாசற்படியைத் தாண்டிய பிறகே விளங்கியது.

இதில் இரண்டு சங்கதிகளை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். பேதுரு தனியாகப் போகவில்லை. ஆறு சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் எருசலேம் சபை அவனை நிறுத்திக் கேள்வி கேட்டது. நான் அப்போஸ்தலன், ஆண்டவர் என்னோடு பேசினார், கேட்க நீங்கள் யார் என்று அவன் சீறவில்லை. நடந்ததை முதலிலிருந்து வரிசையாக விவரித்தான். கேள்வி கேட்பவரைச் சாபத்தால் மிரட்டும் இன்றைய ஊழியர்கள் சிலர் இந்தப் பதினோராம் அதிகாரத்தைப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

வாசலில் வந்து நின்ற மூவர் என்றதும் தமிழ் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு வீடு நினைவுக்கு வரும். திண்டிவனத்தில் ஒரு மிஷன் பங்களா. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் உழைத்த மருத்துவ மிஷனரி, அப்பாவும் மருத்துவர். தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு ஊட்டிய சிறுமிக்கு இந்த நாடே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ்வது என்று தீர்மானித்திருந்தாள். 1890இல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று உதவிக்கு வந்தவள்தான். தங்கும் எண்ணமே இல்லை.

ஒரே இரவில் மூன்று பேர் வந்தார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனையில் துடிக்கும் இளம் மனைவி. எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா வருவார் என்றாள் ஐடா. ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்களுக்கு வழக்கம் இடம் கொடுக்கவில்லை. மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் சாவு மேளம் கேட்டது. விசாரிக்க ஆளனுப்பினாள். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

பிரசங்கங்களில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அன்றைக்கு அவளுக்கு வந்தது வேலை எதுவென்ற தெளிவு மட்டுமே. செய்யும் திறமை வரவில்லை. கடல் தாண்டிப் போய்ப் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் வாங்கினார். 1900இன் தொடக்கத்தில் வேலூருக்கு வந்தார். கூடவே நின்று தொழில் பழக்குவார் என்று நம்பியிருந்த அப்பா அதே ஆண்டு மே மாதம் இறந்துவிட்டார். ஒற்றைக் கட்டில் போட்ட அறையில் வைத்தியம் தொடங்கி, 1902இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. தான் ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போகமுடியும் என்ற கேள்வி 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று. விண்ணப்பிக்க ஆள் வருமா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டபோது 151 விண்ணப்பங்கள் வந்தன. 1922இல் முதல் அணியின் பதினான்கு பெண்கள் மருத்துவர்களாக வெளியே வந்தார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதற்குப் பிந்திய காலம். 1930களின் கடைசியில் பட்டயப் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியாக உயரவேண்டும் என்று அரசு விதி மாற்றியது. பெண்கள் பள்ளியாக மட்டும் நின்று அவ்வளவு பணத்தையும் பேராசிரியர்களையும் திரட்ட வழியில்லை. ஆண்களையும் சேர்த்தால் பல திருச்சபைகள் கைகொடுக்கும். ஐடாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. கேட்டது பெண்களுக்கான அழைப்பு. அதை எப்படி மாற்றுவது? அமெரிக்காவில் அவருக்காக நிதி திரட்டிய நெடுநாள் தோழி லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். இருவரும் பக்தியுள்ளவர்கள், இருவரும் ஜெபித்தவர்கள், இருவரும் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள். கடைசியில் ஐடா கதவைத் திறக்கச் சம்மதித்தார். 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். இந்தியாவில் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைச் சிகிச்சை 1961இல் அங்கே நடந்ததற்கு முந்தின ஆண்டு ஐடா கொடைக்கானலில் கண்ணை மூடினார். இருபது வயதில் கேட்டதை ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னும் விரிவாகப் புரிந்துகொள்ள முடிந்ததே, அதைத்தான் நான் ஆவிக்குரிய வளர்ச்சி என்பேன்.

வேதநாயகம் அசரியாவுக்குக் கதவைத் தட்டியது ஒரு கூச்சம். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், கிராமப் போதகரின் மகன். ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர் 1902இல் யாழ்ப்பாணம் போனார். எண்ணிக்கையில் சிறிய அந்தச் சபை, தன் சொந்தக் காசில் கடல் தாண்டித் தமிழகத்துக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபை யாரை அனுப்பியது? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்தியன் மிஷனரி சொசைட்டி பிறந்தது. இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம், இந்திய ஊழியர்கள். களம் நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல். மற்றவர்களைப் போ என்று சொல்லிக்கொண்டு தான் மேடையில் இருக்க அவரால் முடியவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு கற்று, குடும்பத்தோடு அங்கே போனார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார். அவருடைய மந்தையில் பெரும்பான்மையோர் மாலா, மாதிகா மக்கள்.

1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியத் திருச்சபைத் தலைவர்களில் அவரும் ஒருவர். பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாகவேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் இழுத்தது. குழுக்கள், வரைவுகள், பேராயர் பதவியைப் பற்றிய நுணுக்கமான வாதங்கள் என்று ஒரு ஆயுளே அதில் போயிற்று. 1945 ஜனவரி முதல் தேதி அசரியா இறந்தார். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பரில். ஜனவரி முதல் தேதிக்குள் பதில் கிடைக்கும் என்று நாள் குறித்து ஜெபிக்கப் பழகியவர்களுக்கு இந்த இருபத்தெட்டு ஆண்டுகளை யாராவது சொல்லித்தரவேண்டும்.

தவறிப்போனவர்களும் உண்டு. திருவிதாங்கூரில் யூஸ்டஸ் ஜோசப் என்ற படித்த, பக்தியுள்ள மனிதர் 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். நம்பிக் காத்திருந்தவர்கள் பலர். ஆண்டு வந்து போயிற்று. அவருடைய உண்மையான தாகத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பை நிறுத்திக் கேட்கும் அதிகாரம் அவரைச் சுற்றி யாருக்கும் இருக்கவில்லை.

பேதுருவின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. கொர்நேலியுவின் வீட்டில் சாப்பிட்ட அதே பேதுரு, பிறகு அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு பந்தியில் இருந்தவன், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகிப்போனான். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவனைக் கண்டித்தார். மூன்று தரம் தரிசனம் கண்ட மனிதன் சொந்தக்காரர்கள் பார்க்கிறார்களே என்று பந்தியை விட்டு எழுந்தான். தமிழ்ச் சபைக்கு இது வெறும் கதையில்லை.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழியவேண்டும் என்று தென்னிந்திய மிஷன்களுக்குச் சுற்றுமடல் எழுதினார். தனித் தனி இருக்கை, தனித் தனிப் பந்தி எல்லாம் முடிந்தது என்றார். தஞ்சையிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் குடும்பம் குடும்பமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். இன்றும் நம் நாவில் இருக்கும் எத்தனையோ கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்தவர்களின் முன்வரிசையில் நின்றார். அவ்வளவு பெரிய பக்தருக்கும் அந்த ஒரு கதவு திறக்கவில்லை.

நமக்கும் திறக்கவில்லை. திருமணத்துக்கு வரன் தேடும் விசுவாசக் குடும்பங்கள் உபவாசம் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் ஜெபிக்கிறார்கள், தேவ சித்தம் தெரியவேண்டும் என்று உருகுகிறார்கள். அந்த உருக்கம் மெய்யானது. ஆனால் ஜெபிக்க உட்காருமுன்பே, விளம்பரத்தின் முதல் வரியில் சாதி அச்சாகிவிடுகிறது. ஆண்டவர் பேசலாம், இந்த வட்டத்துக்குள் பேசவேண்டும் என்று அவருக்கே எல்லை போட்டுவிட்டு அவர் சித்தத்துக்குக் காத்திருக்கிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டமும் இன்னும் இரண்டாகவே இருக்கிறது.

போதகர்கள் இங்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பையனுக்கோ பெண்ணுக்கோ நல்ல இடம் அமைய ஜெபியுங்கள் ஐயா என்று பெற்றோர் வந்து நிற்கும்போது, முழங்காலில் நிற்குமுன், சாதியையும் ஆண்டவர் கையில் விட்டுவிட்டீர்களா என்று கேட்கலாம். இல்லை என்று பதில் வந்தால், அன்றைக்கு முதல் விண்ணப்பமாக அதையே வைத்து ஜெபிக்கலாம். அடுத்த மாதமும் வரச்சொல்லி, திரும்பவும் கேட்கலாம்.