டைனமோவா, ஆல்டர்நேட்டரா?
பழைய பிரிட்டிஷ் கார் பிரியர்கள்கிட்ட, "டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்நேட்டர் போடலாமே"ன்னு சொல்லிப் பாருங்க, அடிக்கவே வருவாங்க. ஒரிஜினாலிட்டி போயிடுமாம்!

எம்ஜிபி காரையே எடுத்துக்குங்க. 1962-ல் டைனமோவோட வந்த வண்டி. 1967-ல் மார்க் 2 வந்தப்ப கம்பெனிக்காரனே ஆல்டர்நேட்டருக்கு மாறிட்டான். அப்புறம் நமக்கென்ன வீம்பு?

அந்த லூகாஸ் டைனமோ கொடுக்கிறது அதிகபட்சம் 22 ஆம்பியர். ஐடிலிங்கில் சார்ஜ் ஏறுவதே இல்லை. மழை ராத்திரியில் ஹெட்லைட், வைப்பர் ஓட சிக்னலில் நின்றால் பேட்டரிதான் கரையும். விளக்கு மங்கின வண்டியைப் பின்னால் வர்ற லாரிக்காரர் பார்க்கணுமே?

ஒண்ணு மட்டும் கவனம். அந்த வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். அதை நெகட்டிவுக்கு மாத்தாம ஆல்டர்நேட்டரை மாட்டினா டயோடு காலி!

ஷோவில் மட்டும் நிக்கிற வண்டியா? டைனமோ இருக்கட்டும். ரோட்டில் ஓட்டுறீங்களா? மாத்திடுங்க. கழட்டினதைப் பத்திரமா எடுத்து வைங்க, வேணும்னா திரும்ப மாட்டிக்கலாம். உயிரை அப்படி மாட்ட முடியாது :-)