மூடுபனி கதை எழுதித் தராது

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கிறவங்க வாசிங்க.

போன கிழமை ஸ்டாஃப் ரூமில் ‘சுழல்’ தொடரைப் பற்றி ஒரு வாக்குவாதம். “சேர், கதையை விடுங்க, மேக்கிங்கைப் பாருங்க” என்றார் ஒரு இளம் ஆசிரியர். இந்தப் பதிவே அந்த ஒரு வசனத்துக்குத்தான்.

பார்த்தேன் தம்பி. 2022இல் வந்த முதல் பாகத்தின் எட்டு எபிசோடையும் இரண்டே இரவில் முடித்தவன் நான். சாம்பலூர் என்ற மலையடி ஊர், பற்றி எரியும் சீமெந்துத் தொழிற்சாலை, மயானக் கொள்ளைத் திருவிழா, வேஷம் கட்டிய முகங்கள். முதல் எபிசோட் முடியும்போது கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

(பார்க்காதவங்க அடுத்த பந்தியைத் தாண்டிப் போங்க.)

பிறகு என்ன நடந்தது? காணாமல் போன ஒரு பிள்ளையைத் தேடுகிற கதை, எபிசோடுக்கு ஒரு ஆள் என்று சந்தேகத்தை மாற்றி மாற்றிக் காட்டியே ஓடியது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தொழிற்சாலைப் புகையோடேயே போய்விட்டார்கள். கடைசியில் தெரிவது, வீட்டுக்குள்ளேயே சொந்தக்காரன் ஒருத்தன் பெண் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை. ஒரு ஆசிரியனுக்கு இதை விடப் பாரமான விஷயம் கிடையாது. அதை முடிவு வரைக்கும் ஒளித்து வைத்து, “அட, இவனா!” என்று வாய் பிளக்க வைக்கிற விடுகதையாக ஆக்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளை எப்படிப் பயந்தது, யாரிடம் சொல்லப் பார்த்தது என்பதற்கெல்லாம் கதையில் மிஞ்சியது கொஞ்ச இடம்தான்.

2025இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் மோசம். ஒரு கொலைக்கு எட்டுப் பெண் பிள்ளைகள் தனித்தனியாகச் சரணடைகிறார்கள். அருமையான தொடக்கம். பார்த்து முடித்தவங்க சொல்லுங்க, அந்த எட்டுப் பேரில் எத்தனை பேரின் பெயர் ஞாபகம் இருக்கு?

என் தரம் 11 பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். கட்டுரையில் முதல் பக்கம் முழுக்க மழை பெய்யும். இரண்டாம் பக்கத்தில் விபத்து. மூன்றாம் பக்கத்தில் எல்லாரும் அழுவார்கள். அழுகிற ஆட்களை நமக்கு அறிமுகப்படுத்தியே இருக்க மாட்டார்கள்.

மலையும் பனியும் யார் கேட்டாலும் கொடுக்கும். 1983இல் ஸ்பீல்பேர்க் இந்தியானா ஜோன்ஸ் படத்தைக் கண்டியில் எடுத்தபோது, எங்கட மலை வட இந்தியாவாகவே நடித்துக் கொடுத்தது!

மலைப் படம் என்றால் பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ பாருங்க. 2023இல் வந்தது. நெருக்கடிக் காலத்து மலையகம், சுற்றுலா வந்த ஒரு இந்திய ஜோடி, களவு போன லெப்டொப். பொலிஸ் பிடித்துக்கொண்டு வருவது தோட்டத்துத் தமிழ் ஆட்களை. அதிலும் பனி இருக்கு. ஆனால் நம்மைக் கலக்குவது பனி இல்லை. தன் சாமான் கிடைக்க வேண்டும் என்று கணவன் விடாப்பிடியாக நிற்கும் ஒவ்வொரு தடவையும், அவனுடைய மனைவி அவனைப் பார்க்கிற பார்வை மாறுகிறது. அது எழுத்தில் வந்தது.

இதையெல்லாம் நான் இவ்வளவு சூடாக எழுதக் காரணம் இருக்கு. என் பழைய மாணவர்கள் மூன்று பேர் ஒரு குறும்படம் எடுத்துக் கொண்டு வந்து காட்டினார்கள். 2018 மார்ச், திகன. ட்ரோனில் விக்டோரியா நீர்த்தேக்கம், ஹந்தானை மலை, புகை, ஸ்லோ மோஷனில் ஓடுகிற கால்கள், நெஞ்சைப் பிசைகிற இசை. பதினான்கு நிமிடத்தில் ஒரு ஆள் கூட ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கிரிப்ட் எங்கே என்று கேட்டேன். ஃபோனில் அரைப் பக்கம் இருந்தது.

பொடியன்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கட ஊருக்கு நடந்ததை எங்கட பிள்ளைகளே வெறும் புகையாகக் காட்டினால், நாளைக்கு வேறு யாராவது அதை என்னவாகக் காட்டுவான்?

அதில் ஒருத்தனின் வீடு அந்தப் பக்கம். “அன்றைக்கு உங்கட உம்மா என்ன செய்தா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். வீட்டை விட்டு ஓடும்போது நகையை மறந்து, பிள்ளைகளின் ரிப்போர்ட் புத்தகங்களை மட்டும் சீலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக் கொண்டாவாம். பக்கத்து வீட்டுச் சிங்கள நந்தாவின் குசினியில் ஒளிந்திருந்தபோது, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து, அடிப்பிடிக்குமே என்று இரவு முழுக்கப் புலம்பினாவாம்.

“இது ஏன்டா படத்தில இல்ல?” என்றேன்.

“இதெல்லாம் வீட்டுக் கதை தானே சேர்” என்றான்.